நான்கு விரற்கிடை மணல்

மூன்று முறை திருப்பி அனுப்பினேன்.
முதல் முறை, புயல் என்றேன்.
அடுத்து, ஓடை.
மூன்றாவது முறை வேறெதுவும் தோன்றாமல்
துளைக்குழாயைக் கழுவினீர்களா என்று கேட்டேன்.

ராக்ன்ஃப்ரிட் த்வைட்டன் சொன்னது இவ்வளவுதான்:
நன்னீர் ஏரியின் அடிச்சேற்றில்
நான்கு விரற்கிடை மணல்,
மணலுக்குள் கடற்சிப்பித் தூள்.
கடல் ஒருநாள் எழுந்து வந்து போயிருக்கிறது.

கடல் அப்படியெல்லாம் வராது என்பது
பெர்கனில் எங்களுக்குத் தெரிந்திருந்தது.
தெரிந்திருந்தது என்பதைத் தவிர
வேறு சான்று கைவசம் இல்லை.
மதிய உணவு மேசையில் யாரோ
"நோவாவின் மருமகள்" என்றார்.
சிரித்ததில் என் குரலும் உண்டு,
அவ்வளவு சத்தமாக இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் மூடன் அல்லன்.
வால்நட்சத்திரம் கொட்டிய களிமண்ணை,
தன் தோட்டத்தில் எரிமலை கண்ட பல்மருத்துவரை
வாசலோடு அனுப்பியதும் இதே கைதான்.
அதற்கெல்லாம் யாரும் நன்றி சொன்னதில்லை.
பதரோடு நெல்லும் பறந்த அன்றுதான்
முறத்தைப் பற்றிப் பேச்சு வருகிறது.

அவள் வாதாடவில்லை.
இன்னொரு ஏரி. இன்னுமொன்று.
பனிப்பாளத்தைத் துளைத்துத் துளைத்து
பதினேழு ஏரிகள்.
மதிப்பீட்டாளர் பெயர் ரகசியம்;
ஆனாலும் கேள்விக்கு ஒரு கையெழுத்து உண்டு போலும்.
மருந்துக்குப்பியில் ஒரு சிட்டிகை மணல்
என் முகவரிக்கே வரும்,
கடிதம் இல்லாமல்.

பிறகு அந்த ஆகஸ்ட்.
கோடை வீட்டில் படகுக் கொட்டகைக்குக்
கால் நடக் குழி தோண்டினேன்.
கரிய சதுப்பு மண்.
முழங்கை ஆழத்தில் மண்வெட்டி நறநறத்தது.
விரலை வைத்து அளந்தேன். நான்கு.
நாக்கிலும் வைத்துப் பார்த்தேன்,
அத்தனை ஆயிரம் ஆண்டு உப்பு நிற்காதென்று தெரிந்தும்.

குழியை மூடிவிட்டு
காலை வேறிடத்தில் நட்டேன்.
மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

டிசம்பரில் கட்டுரை நான்காம் முறை வந்தது.
"வெளியிடலாம்."
அதற்குள் அவள் வாட்ஸோவில்
பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தாள்.

இப்போது முதலாண்டுப் பாடத்தில் அது ஒரு பத்தி.
எங்களில் யாரைக் கேட்டாலும்
அப்போதே நினைத்தேன் என்பார்.
நாங்கள் தோற்ற நாள் என்று ஒன்று கிடையாது.
மேசையில் அந்த நகைச்சுவை
ஒருநாள் சொல்லப்படாமல் போனது,
அவ்வளவுதான்.

நேற்று எய்லிஃப் என்றொரு மாணவன்
சேற்றுத் தண்டைக் கொண்டுவந்து கிடத்தினான்.
மணலுக்குக் கீழே, வெகு கீழே,
இன்னொரு மணல்.
"புயலாக இருக்கும்" என்றது என் வாய்.

அலமாரியில் பதினேழு குப்பிகள்.
வெளியே வழக்கமான மழை.
சன்னலைச் சாத்திவிட்டு வந்து
எந்த ஏரி என்று கேட்டேன்.