இரவு இருபத்தெட்டு

பனங்காட்டில் மூன்றாவது மாடிக்கு மேல்
பெயிண்ட் வாளி ஏழு. ஏழிலும் தக்காளி.
சித்திரை பிறந்து ஒன்பது நாள்.
காலையில் துடைப்பம் எடுத்தால்
மஞ்சளாய்ச் சேர்கிறது ஒரு கைப்பிடி.

காம்போடு விழவில்லை. காம்பின் நடுவில்
விரல்முட்டி போல ஒரு முடிச்சு இருக்கிறதே,
அங்கே.
முதலில் அது வெளுக்கும்,
பிறகு எதுவும் தொடாமலே கழன்றுகொள்ளும்.
எனக்குப் பழகிய இடம்தான்.
பதினோரு வருஷமாய்க் கொலுசு பற்றவைக்கிறேன்.
வெங்காரம் பொங்கி அடங்கும் முன்
சூடு ஒரு நூல் கூடினாலும்
பொடி ஓடிவிடும், கண்ணி ஒட்டாது.

யூரியா அதிகம் என்றார் உரக்கடைக்காரர்.
விற்றதே நீங்கள்தான் என்று நான் சொல்லவில்லை.
தண்ணீரைக் குறை என்றாள் கீழ்வீட்டு ரமீஜா,
அடுத்த வாரம் அவளே கூட்டு என்றாள்.
குமுதவல்லி அக்கா செடியைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தாள்.
அக்கா, செடி வேறு, நான் வேறு.

அசைவு இல்லாமல் மகரந்தம் உதிராதாம்.
போனை அதிர்வில் வைத்துப்
பூங்கொத்தின்மேல் சாய்த்துப் பிடித்தேன்.
பட்டறையிலிருந்து தனசீலன் அழைத்தார்,
அழைத்துக்கொண்டே இருந்தார்.
வாளி வாளியாய் நகர்ந்தேன்.
ஏழு மிஸ்டு கால்.
ராத்திரி வந்ததும் "ஏதாச்சும் எடுத்துச்சா?" என்றார்.
எதுவும் எடுக்கவில்லை.

அப்புறம்தான் துணிக்கொடியில்
ஒரு வெப்பமானியைக் கட்டினேன்.
பகல் முப்பத்தொன்பது. அது போகட்டும்.
இரவு இரண்டு மணிக்கு டார்ச் அடித்தால்
இருபத்தெட்டு.
பகலெல்லாம் குடித்த வெயிலை
இருட்டில் கக்குகிறது தளம்.
வாளி மண்ணுக்குள் விரலை விட்டால்
காய்ச்சல்காரியின் கழுத்து.
ஆறாத இரவில் மகரந்தம்
தூளாக இருக்கும், உயிராக இருக்காது.

வடகிழக்கே மலை கறுப்பாய்க் கிடக்கிறது.
ஏற்காட்டுக்கு ஏறும் ஏதோ ஒரு வண்டியின் விளக்கு
மறைகிறது, கொஞ்சம் மேலே தெரிகிறது.
இருபது கொண்டை ஊசி வளைவு.
வளைவுக்கு அரை டிகிரி என்று கணக்குப் போட்டேன்.
பத்தாவது வளைவில்
என் பூ நிற்கும்.

ஏழு வாளியோடு பஸ் ஏற முடியாது.
கோணிச்சாக்கை நனைத்துத் தளத்தில் விரித்து
வாளிகளை அதன்மேல் நெருக்கி வைத்தேன்.
நாலரை மணிக்கு இருபத்தேழு.
அதற்குக் கீழே இறங்கவில்லை.
ஆடிக்காற்றுக்கு இன்னும் இரண்டரை மாதம்.

விடிந்து கூட்டியபோது
கைப்பிடி கொஞ்சம் குறைவு போலிருந்தது,
இல்லை,
நான் கூட்டிய விதமோ என்னவோ.