ஒரு அடிக்குக் கால் அங்குலம்

ஐப்பசி மழையில் கோத்தகிரியில்
யாரும் பிளவுஸ் தைக்க வருவதில்லை.
டானிங்டன் சரிவேறிக் கடைவாசல் வரை வந்து
மேகம் மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும்,
அளவு கொடுக்காமல் போகும்.

அப்படியொரு நாளில்தான் தொடங்கினேன்.

கையிலிருந்தது ஒரே ஒரு படம்.
தூத்துக்குடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது
போனில் எடுத்தது.
உப்போ சிமெண்டோ ஏற்றிக்கொண்டு
பக்கவாட்டில் நிற்கிறது தோணி.
மறுபக்கம் எப்படியென்று தெரியாது.
முன்னால் நிற்கும் ஆளைப் பார்த்தே
முதுகுக்குத் துணி வெட்டுகிறவள் நான்.

தொண்ணூறு அடி இருக்கும் என்றது கண்.
அடிக்குக் கால் அங்குலம் வைத்தால் இருபத்திரண்டரை,
ஏழாம் வகுப்புப் பையனின் சட்டை நீளம்.
பிரவுன் பேப்பரை விரித்து
சாக்பீஸால் வரைந்தேன்.

விலா எலும்புகளுக்குப் பழைய டீப்பெட்டிப் பலகை.
மேலே போர்த்த சில்வர் ஓக்.
சாமில் ஜோகி பட்டை பட்டையாகச் சீவிக் கொடுத்து
எதுக்கு என்றார். பள்ளிக்கூடத்துக்கு என்றேன்.
மொபைல் கடை இர்ஷாத்திடம், ஆர்டர் என்றேன்.
மகனிடம், சும்மா.
மூன்றும் பொய்தான்,
மூன்றாவது கொஞ்சம் குறைவு.

வயிறு பருத்து மூக்கு ஒடுங்கும் உடம்பில்
நேர்ப்பட்டை எப்படி உட்காரும்?
டார்ட் பிடிக்க வேண்டும்,
அது கைக்குத் தெரிந்திருந்தது.
ஓரங்களைச் சரித்துச் செதுக்கி
வெந்நீரில் ஊறவைத்து
இஸ்திரிப்பெட்டியின் மூக்கில் வைத்து வளைத்தேன்.
ஈர மரம் சீறிற்று, பிறகு ஒத்துக்கொண்டது.
ஃபெவிகால்தான் மானத்தை வாங்கியது.
இந்த மூட்டத்தில் மூன்று நாளாகியும்
பால் பாலாகவே இருந்தது.
குண்டூசிகள் குத்தி, ரப்பர் பேண்ட் மாட்டி,
காய்ச்சல்காரனைப்போல்
ஹீட்டர் பக்கத்தில் படுக்கவைத்தேன்.
கரண்ட் போனது.

பதினோராம் வரிசையில் கண்டேன்:
இடப்பக்கம் ஒரு பட்டை அதிகம்.
பிரித்துவிடலாம் என்று பிளேடை எடுத்தேன்.
மல்லம்மா டீச்சர் நினைவுக்கு வந்தார்.
இருபது வருடமாக அவர் ஜாக்கெட்டின் வலத்தோளில்
யாரிடமும் சொல்லாமல் நான் வைக்கும் பஞ்சு.
பிளேடைக் கீழே வைத்தேன்.

இப்போதெல்லாம் தோணிக்கு மோட்டாராம்.
இருக்கட்டும், என்னுடையதற்குப் பாய் உண்டு.
மற்றதெல்லாம் புதிது, பாயாவது என் தொழில்
என்று இருந்தேன்.
மல்மல் துணி, மெல்லிய நூல்,
மிஷின் போடக்கூடிய மிகச் சின்னத் தையல்.
கட்டிப் பார்த்தால் பாயல்ல, கோணி.
அளந்தேன். ஒரு தையல் அரைக்கால் அங்குலம்.
அங்கே, அந்தத் தளத்தில், அது அரை அடி.
அரை அடிக்கு ஒரு தையல் போட்டவனை
எந்தக் காற்று சும்மா விடும்?
பிரித்தேன். கையால் தைத்தேன். பிரித்தேன்.
துணி சல்லடையானது.

நான்காம் இரவு புதுத்துண்டு ஒன்றை
டீத்தண்ணீரில் நனைத்துக் காயவைத்து
கூர்சீவிய பென்சிலால்
தையலை வரைந்தேன்,
ஊசி ஒருமுறைகூட ஏறாமல்.
பத்தொன்பது வயதிலிருந்து தைக்கிறேன்.
தைக்காமல் விட்ட முதல் துணி அதுதான்.
அதுதான் தைத்ததுபோல் இருந்தது.
அதற்குமேல் அன்று தூக்கம் வரவில்லை,
வருத்தமா இன்னதா என்று தெரியவில்லை.

இப்போது கண்ணாடி அலமாரியில் நிற்கிறது,
வாங்க வராதவர்களின் பிளவுஸ்களுக்கு மேல்.
தைப்பனியில் மரம் சுருங்கி
வலப்பக்கம் நகம் நுழையும் இடைவெளி.
தண்ணீரில் விட்டுப் பார்த்தீங்களாக்கா என்கிறான் இர்ஷாத்.
முழுகும் என்கிறேன்.
மல்லம்மா டீச்சர் மட்டும்
தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்த்துவிட்டு
விலை கேட்காமல் போனார்.

சுக்கான் அருகே ஒரு குண்டூசி நிற்கிறது.
எடுக்க மறந்துட்டீங்க என்கிறார்கள்.
முதலில் மறந்ததுதான்.
அப்புறம் டேப்பை வைத்துப் பார்த்தேன்:
ஒரு அங்குலம். நாலடி.
நாலடி உயரத்தில்
யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.