பதினொரு கோவா

இரவு வேலை முடிந்தால் ஆறு இருபது பஸ்.
மருத்துவமனைத் துணிகளின் ஆவி இன்னும் கைகளில்.
வீட்டுக்குப் போகாமல்
ஆரே ஆற்றங்கரையில் இறங்குகிறேன்.
ஓல்டன் நகரம் அப்போதுதான்
பல் விளக்கிக்கொண்டிருக்கும்.

என் பாத்தியில் பதினொரு கோவா, ஏழு நோக்கோல்.
ஒன்றும் எழும்பி நடக்கப்போவதில்லை.
ஆனாலும் எண்ணுவேன்,
சம்பளத் தாளில் மணித்தியாலங்களை
எண்ணுகிற அதே சந்தேகத்தோடு.

மேலே பார்த்தால் குற்றம் சொல்ல முடியாது.
பனித்துளி, பச்சை, ஒழுங்கு.
இலையைத் திருப்பவேண்டும்.
நரம்புக்கும் நரம்புக்கும் நடுவில்
நிமிர்ந்து, நெருங்கி, மஞ்சளாய்
முட்டைகள்.
எறும்புகள் சோளம் விதைத்தால்
அப்படித்தான் இருக்கும்.

பெருவிரலால் ஒரு இழுப்பு.
விரலில் கொஞ்சம் ஈரம்.
காற்சட்டையில் துடைத்துவிட்டு
அடுத்த இலை.

வெள்ளைச் செட்டை, நுனியில் கரி.
வடிவில்லை என்று சொல்லமாட்டேன்.
வந்து இறங்கியதும் முன்னங்காலால் தட்டி
இது கோவாதானா என்று ருசி பார்க்குமாம்.
சந்தையில் நான் கத்தரிக்காயை
அமத்திப் பார்ப்பதுபோல.
விற்கிறவனுக்கு என்னைப் பிடிக்காது.
எனக்கு இதைப் பிடிக்காது.

பக்கத்துப் பாத்தி ஏஷ்லிமன்
முட்டைக் கோதுகளைத் தடியில் குத்தி நட்டிருக்கிறார்.
தூரத்திலிருந்து பார்க்கும் வண்ணத்துப்பூச்சி,
இங்கே வேறொருத்தி குடியிருக்கிறாள் என்று
திரும்பிவிடுமாம்.
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
அவருடைய கோவாவில்
என்னுடையதைவிட ஓட்டை கூட.

நகுலேந்திரன் நுளம்பு வலையை எடுத்துத் தந்தார்.
நுளம்பு குறைந்த நாட்டுக்கு அதைக் காவி வந்தவர் அவர்தான்.
இருபத்தாறு வருஷம் பெட்டிக்குள் மடிந்து கிடந்தது.
மூங்கில் ஊன்றி, ஓரத்தில் கல் வைத்து
இழுத்துக் கட்டினோம்.
கலியாணக் கட்டில் மாதிரி இருந்தது.
எட்டுக் கோவா உள்ளே. மூன்றுக்கு வலை எட்டவில்லை.

நாலாம் நாள்
வலையின் உட்பக்கத்தில் ஒரு வெள்ளைச் செட்டை
படபடத்தது.
நாங்கள் போர்த்தியபோது
கூட்டுப்புழுவாய் ஏதோ தண்டில் தொங்கியிருக்கவேண்டும்.
மூலையைத் தூக்கினேன்.
நேரே ஏஷ்லிமன் பாத்திக்குத்தான் போனது.
நான் அவரிடம் சொல்லவில்லை.

ஆடி கடைசியில், வெளியில் நின்ற மூன்றிலும்
பஞ்சுபோல மஞ்சள் குவியல்கள்.
பக்கத்தில் சூம்பிப்போன ஒரு மயிர்க்கொட்டி.
புது வகை முட்டை என்று நினைத்தேன்.
பெருவிரலுக்கு யோசிக்கத் தெரியாது.
எட்டுக் குவியலைத் தேய்த்தது.

ஒன்பதாவதை இலையோடு கிள்ளி
ஜாம் போத்தலில் போட்டேன்,
வேலையிடத்தில் மிலெனாவுக்குக் காட்ட.
சலவை அறை ஜன்னலில் ஒரு கிழமை இருந்தது.
பிறகு ஒரு சாமத்தில்
அவள் என்னைக் கூப்பிட்டாள்.

போத்தல் முழுக்கக் குளவிகள்.
எள்ளுக்குக் கால் முளைத்த அளவு.
கண்ணாடியில் ஏறுவதும் விழுவதுமாய்.
மயிர்க்கொட்டியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து
வெளியே வந்து
மஞ்சள் நூல் சுற்றிப் படுத்தவை.
கூலி கேட்காமல் என் வேலையை
எனக்கு முன்னமே செய்துகொண்டிருந்தவை.

மிலெனா கேட்டாள்: "மற்றதெல்லாம் எங்கே?"
நான் பெருவிரலைப் பார்த்தேன்.
நாற்பது பாகை வெந்நீரில்
எத்தனையோ தரம் கழுவிய விரல்.

விடிய, மூடியைப் பாத்தியில் திறந்துவிட்டேன்.
நன்றி சொல்லிப் போகிற சாதியல்ல அது.
போனது.

இப்போது மூக்குக்கண்ணாடி இல்லாமல்
இலையைத் திருப்புவதில்லை.
நிமிர்ந்து நிற்கிற மஞ்சள் வேறு,
பஞ்சு போர்த்திய மஞ்சள் வேறு.
விரல் இலையில் பட்டதும்
ஒரு மூச்சு நிற்கிறது.
அதனால் பஸ் தவறுகிறது.

சனிக்கிழமை தோட்டக் கடையில்
புது வலை வாங்கினோம்.
மூன்றையும் மூடத் தாராளமாய்க் காணும்.
நான் இரண்டைத்தான் மூடினேன்.

"அது ஏன்?" என்றார் நகுலேந்திரன்,
கல்லைக் கையில் வைத்துக்கொண்டு.
வலை கட்டை என்றேன்.
அவர் மிச்ச வலையைப் பார்த்தார்,
ஒன்றும் சொல்லாமல் மடித்தார்.

நோக்கோல் ஏழும் சுகம்.