பிறந்த இடம்

புருண்டியில், கிகாந்தா குன்றின் மேல்
எங்கள் சுகாதார நிலையம்.
ஆறு கட்டில், ஒரு தராசு,
நினைத்தால் தண்ணீர் விடும் ஒரு குழாய்.

உள்ளே பிள்ளை பிறந்தால்
காலாண்டு முடிவில் காசு வரும்.
வெளியே பிறந்தால்
பிள்ளை மட்டும் வரும்.

கேலி செய்யவில்லை.
அந்தக் காசு வருவதற்கு முன்
ஒரே கையுறையைக் கழுவிக் கழுவி
வெயிலில் காயப்போட்டவள் நான்.
கூரை ஒழுகல் நின்றது அதில்தான்.
என் மகன் செருப்புப் போட்டுப் பள்ளிக்கூடம் போவதும்
அதில்தான்.

வியாழன் விடியற்காலை, மழை.
கொன்சொலாத்தா வந்து சேரவில்லை.
வாசற்கதவுக்கு முப்பது அடி முன்னால்
யூகலிப்டஸ் மரத்தடியில்
முட்டிபோட்டுவிட்டாள்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஓடினேன்.
தலை என் கைக்கு வந்தது,
அப்புறம் ஒரு தோள்,
அப்புறம் மீன் வழுக்குவது போல் மீதி எல்லாம்.
அழுதது மரத்தடியில்.
கொடி அறுத்தது உள்ளே,
நாலாம் கட்டிலில்.

பதிவேட்டில் ஒரு கட்டம்: பிறந்த இடம்.
பேனா அங்கே வந்து நின்றது.

கணக்கு பார்க்கும் தியோமேத்
நல்ல மனிதர், நாலு பிள்ளைக்காரர்.
"நஞ்சு உள்ளேதானே விழுந்தது?
அது விழுந்தால்தானே பிரசவம் முடிந்ததாக அர்த்தம்?"
பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது.
நஞ்சு உள்ளேதான் விழுந்தது, தியோமேத்.

இதை அவரிடம் சொன்னதில்லை:
போன மாதம் ஒருத்தி. பிள்ளை குறுக்கே.
எட்டு மணிக்கே தெரிந்துவிட்டது என் விரலுக்கு.
ஆம்புலன்சுக்குப் போன் போட்டது
ஒன்பதரைக்கு.
மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால்
பிள்ளை அவர்கள் கணக்கில் ஏறும்.
கொஞ்சம் பார்க்கலாம், திரும்பிவிடும் என்று
அவள் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தேன்.
அவள் கூட நினைத்திருப்பாள்,
என்ன பரிவு இந்த நர்சுக்கு என்று.
அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு
எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.
தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.
அதனால்தான்
இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது.

எழுதினேன்: உள்ளே.

ஆறு வாரம் கழித்துச் சரிபார்க்க ஒரு பையன் வந்தான்.
பிளாஸ்டிக் பையில் சுற்றிய படிவங்கள்,
கடன் வாங்கிய சைக்கிள்.
வீட்டுக்கு இவ்வளவு என்று
அவனுக்கும் ஒரு கூலி உண்டு.

"எங்கே பெற்றாய்?"
கொன்சொலாத்தா பிள்ளையை
இந்த மார்பிலிருந்து அந்த மார்புக்கு மாற்றினாள்.
"ஜெனரோஸாவின் கையில்" என்றாளாம்.
"அது சரி, எங்கே?"
"சொன்னேனே."

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தானாம்.
மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.
அடுத்த வீடு
எதிர்க்குன்றின் உச்சியில்.

உள்ளே என்று
டிக் போட்டுவிட்டு
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான்.