கடைசி எண்

தாலிச் செயினைக் கழற்றித்
துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்துவிட்டு
மஞ்சள் கயிற்றோடு கிளம்பினேன்.
கழுத்து லேசாகிப்போனது முதலில் பிடிக்கவில்லை.
நாகமலை ரோட்டில் காற்று அடித்ததும் பிடித்துவிட்டது.

கீழக்குயில்குடி தாமரைக் குளத்தருகே
டீக்கடைக்கு நேர் எதிரில் ஸ்கூட்டரை நிறுத்தினாள் ஜெசிந்தா,
கடைக்காரர் கண்ணில் படட்டும் என்று.
ஒரு பூட்டு. அதற்கு மேல் சங்கிலி போட்டு இன்னொரு பூட்டு.
"எட்டு வருஷத்து வண்டிடி, எவன் எடுப்பான்?" என்றேன்.
"எடுத்தா இன்னொண்ணு வாங்க முடியாதுல்ல" என்றாள்.

ஆலமரத்தடியில் கருப்பசாமி
அரிவாளை ஓங்கியபடி நிற்கிறார்.
கொஞ்சம் தள்ளி போலீஸ் போர்டு:
தனியாகச் செல்லாதீர். நகை அணிந்து செல்லாதீர்.
ஆறு மணிக்குள் இறங்கிவிடவும்.
இரண்டு பேருக்கும் ஒரே டியூட்டிதான்.
போர்டின் துருவில் யாரோ ஆணியால்
இதயம் கீறி அம்பும் விட்டிருந்தார்கள்.

பாறையில் வெட்டிய படிகள்.
கம்பி இன்னும் சூடாக இருந்தது.
என் பையில் தண்ணீர், முறுக்கு, இருநூறு ரூபாய்.
செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவே இன்னொரு இருநூறு,
அடி வைக்கும்போதெல்லாம் நறநறவென்றது.
சிரிக்காதீர்கள்.
எங்கள் தெருவில் கோலம் போடக் குனிந்த சித்ராதேவியின்
கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது,
பைக் போன திசையில் கொஞ்சம் சாய்ந்தபடி.
ஆறு மாதம் முந்தானையால் மூடியே காய் வாங்கினாள்.

பேச்சிப்பள்ளத்தில்
வரிசையாக அருகர்கள்.
தோள் வரை தொங்கும் காது, அதில் தோடில்லை.
கழுத்தில் ஒன்றுமில்லை, இடுப்பிலும் ஒன்றுமில்லை.
ஒருவருக்கு மட்டும் பாம்பு குடை பிடிக்கிறது.
"இவங்கள எவனும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் ஜெசிந்தா.
உற்றுப் பார்த்தால்
ஒருவருக்கு மூக்கு இல்லை.

உச்சியில் உட்கார்ந்தோம், முதுகைப் பாறைக்குக் கொடுத்து.
யானைமலை படுத்திருந்தது.
கோபுரங்களை எண்ணத் தொடங்கினேன்,
இரண்டுக்கு மேல் போகவில்லை,
படியில் காலடிச் சத்தம்.

இரண்டு பையன்கள். ஒருவன் கையில் ஹெல்மெட்.
ஜெசிந்தா சாவியை விரலிடுக்கில் செருகிக்கொண்டாள்.
நான் சட்டை நிறத்தை மனப்பாடம் செய்தேன்:
ஒன்று நீலம், ஒன்று கட்டம் போட்டது, புருவத்தில் தழும்பு.
அவர்கள் நேராக எங்களிடம் வந்தார்கள்.
"அக்கா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?"
என்று தன் போனை என் கையில் வைத்தான் கட்டம்.
புது போன், ஒட்டிய பிளாஸ்டிக் கூட உரிக்கவில்லை.
பத்தடி தள்ளிப் போய் நின்றார்கள், மேற்கு வெயிலில் பல் தெரிய.
"எடுத்துட்டு ஓடிராதீங்க அக்கா" என்றான் நீலம்.
ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் சாவி கீழே விழுந்தது.

மூன்று படம் எடுத்தேன். ஒன்றில் என் விரல்.

ஐந்தே முக்காலுக்கு எழுந்தோம்.
"இப்பவேவா? ஏழு மணிக்கு ஊரே எரியும்க்கா,
அதப் பாக்காம இறங்குறீங்களே."
வீட்டில் வேலை இருக்கிறது என்றேன்.
நாற்பத்திரண்டு வயதில் இந்த ஊரை
நான் இரவில் மேலிருந்து பார்த்ததே இல்லை,
அதைச் சொல்லவில்லை.
"நம்பர் குடுங்க, எடுத்து அனுப்புறேன்."

சொன்னேன்.
ஒன்பது எண்ணும் சரியாகச் சொன்னேன்.
பத்தாவதில் ஏழுக்குப் பதில் எட்டு.

கீழே வண்டி இருந்தது, இரண்டு பூட்டோடு.
கருப்பசாமி கையை இறக்கவில்லை.

வீட்டில் செயினை எடுத்து உதறினேன்.
கொக்கியில் ஒரு பருப்பு மாட்டியிருந்தது.
மணி ஏழேகால்.
அரக்கோணத்திலோ ஆம்பூரிலோ
சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு
முகம் தெரியாத யாரோ ஒருவர்
உள்ளங்கையில் மதுரை முழுக்க எரிய
யார் அனுப்பியது என்று
யோசித்துக்கொண்டிருப்பார்.