மேசைக்கு இந்தப் பக்கம்

ஒரு நாள் கூலி ஒரு டாலர்,
மதியம் ஒரு கிண்ணம் ஆப்பிள் மது.
ராரிட்டன் ஆற்றங்கரைச் சத்திரத்தில்
ஓட்டுப்பெட்டிக்கு அருகே உட்கார்ந்து
வருகிறவர் பெயரை எழுதுவது என் வேலை.
வாத்து இறகு என்னுடையது,
மை நியூ ஜெர்சி மாநிலத்தினுடையது.

ஆயிரத்து எண்ணூறு, அக்டோபர்.
சேறு அப்பிய காலணியோடு
கெட்டூரா வான் டோர்ன் வந்தாள்.
விதவை. படகுத்துறை அவளுடையது,
பதினோரு பசு, ஒரு செங்கல் சூளை.
ஐம்பது பவுண்டு சொத்திருந்தால் போதும் என்ற சட்டம்
ஆணா என்று கேட்கவில்லை.
மறந்துபோய் விட்டதா, தெரிந்தே விட்டதா என்று
வக்கீல்கள் மல்லுக்கட்டட்டும்;
அவள் சீட்டை நான்காய் மடித்துப் போட்டாள்.
"என் பெயரில் இரண்டு ஓ வரும்,
ஒன்றை விழுங்கிவிடாதே" என்றாள்.

மாவாலை லெஃபெர்ட் இரண்டு முறை பெண் கேட்டு வந்தார்.
"கட்டிக்கொண்டால் பசு அவருக்கு,
துறை அவருக்கு, ஓட்டும் அவருக்கு.
எனக்கு மிஞ்சுவது குறட்டை."
சத்திரமே சிரித்தது, லெஃபெர்ட் உட்பட.

அவள் பின்னால் மிங்கோ ரைக்,
விடுதலைப் பத்திரத்தை எண்ணெய்த் துணியில் சுற்றிச்
சட்டைக்குள் வைத்திருக்கும் கறுப்பர்.
ஒரு சிப்பிப் படகு, பத்து ஏக்கர் சதுப்பு.
சீட்டு பெட்டியின் அடியைத் தொடும் சத்தத்தைக்
காது சாய்த்துக் கேட்ட பிறகே நகர்வார்.

அந்த வருஷங்களில் நாடு வளர்ந்தது.
ஒஹாயோ வந்தது.
ஒரே கையெழுத்தில் லூசியானா வந்தது.
சத்திரச் சுவரின் வரைபடத்தோடு
புதுத்தாள் ஒட்டி ஒட்டி
மேற்கு ஜன்னலை மூட வேண்டியதாயிற்று.
அறை கொஞ்சம் இருண்டது.
நானும் பெருமைப்பட்டேன், பொய் சொல்லவில்லை.
யாருடைய நிலம் என்று கேட்கவில்லை.
பெயர் கேட்பதோடு என் வேலை சரி.

பிறகு அந்தப் பிப்ரவரி.
பக்கத்து மாவட்டத்தில்
நீதிமன்றத்தை எந்த ஊரில் கட்டுவதென்று ஓட்டு.
இருந்த தலைகளைவிட விழுந்த சீட்டு அதிகம்.
பாவாடை கட்டி, முகம் மறைக்கும் தொப்பி போட்டு
ஆண்களே ஆறு முறை வந்தார்கள் என்று பேச்சு.
பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.
பாவாடை கட்டி வந்தவனை விட்டுவிட்டுப்
பாவாடைக்கே இடமில்லை என்றார்கள்.
அதோடு நிற்கவில்லை;
மிங்கோ என்ன வேடம் போட்டார் என்று
எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.
நவம்பரில் சட்டம்,
சந்தேகங்களைத் தீர்ப்பதற்காம்.
இனி வரி கட்டும் வெள்ளை ஆண்.

வேடிக்கை, பட்டியல் நீண்டது.
கோழிக்கூண்டுகூடச் சொந்தமில்லாத
என் மச்சான் மகன் ஓட்டுப் போட்டான்.
குடியரசு வளர்கிறது என்று
சத்திரக்காரர் அன்று மதுவில் தண்ணீர் கலக்கவில்லை.

அவளும் வரிசையில் நின்றாள்.
யாரும் தள்ளவில்லை.
முன்னால் நின்றவன் தொப்பியைக் கழற்றினான்,
ஏனென்று அவனுக்கே தெரியாமல்.
மேசைக்கு வந்து, சட்டம் தெரிந்த குரலில்,
"கெட்டூரா வான் டோர்ன்" என்றாள்.
இறகு தானாக மையில் இறங்கியது. பழக்கம்.
அதிகாரி இருமினார்.
இறகைத் துடைத்தேன்.
துடைத்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
அவள் காலணிச் சத்தம் வாசலைத் தாண்டும்வரை.

மிங்கோ வரவில்லை.
அவர் படகு மட்டும் நாள் முழுக்க
கிழக்கு ஜன்னலுக்கு நேரே
நங்கூரமிட்டு நின்றது.

மாலை எண்ணினோம்: நூற்று எண்பத்தேழு.
கணக்கு சரி. அரக்கு வைத்தோம்.
டாலரை வாங்கிக்கொண்டு இறங்கினால்
அக்கரையில்தான் என் வீடு,
ஆற்றுக்கோ அவள் துறை ஒன்றுதான்.
நீட்டினேன்.
விளக்கடியில் சில்லறையை
ஒவ்வொரு காசாக எண்ணி
என் உள்ளங்கையில் வைத்தாள்.
ஒரு சென்ட் குறையவில்லை.