இரண்டு கம்ப உயரம்

கூடாரத்தின் கம்பிகளைப்
பேருந்தின் மேல்தட்டில் மறந்துவிட்டோம்.
நாங்கள் எழுமலையில் இறங்க
அவை எம்.கல்லுப்பட்டிக்குப் போய்விட்டன.
'டிக்கெட் எடுத்திருந்தா திரும்பி வந்திருக்கும்'
என்றான் ரெங்காராம்.
நான் சிரிக்கவில்லை.
வாடகை முன்பணம் என்னுடையது.

மலைக்குப் பெயர் கேட்டோம்.
ஊர்க்காரர்களுக்கு ஒன்று,
ஆடு ஓட்டிப் போகிறவர்களுக்கு வேறொன்று.
கையெழுத்து வாங்கிய வனக்காவலர்
இரண்டையும் அடித்துவிட்டு
ஏதோ ஓர் எண்ணை எழுதிக்கொண்டார்.
விறகு கூட்டக் கூடாது.
கரடி வந்தால் ஓடக் கூடாது.
'அப்ப என்னண்ணே செய்யிறது?'
'வராதுய்யா, போங்க.'

ஏற்றம்
முதல் மணிநேரத்தில் பேச்சை வாங்கிக்கொண்டது,
அடுத்த மணிநேரத்தில் தண்ணீரை.
சுக்குநாறிப் புல் இடுப்பளவு;
மிதித்த இடமெல்லாம் எலுமிச்சை வாசம்.
ஹாக்கியில் ஒரு முட்டியைத் தொலைத்த ஜெசிந்தா
எல்லாருக்கும் முன்னால் போய்ப் பாறைமேல் நின்று
'பைய வாங்க, மலை எங்கிட்டும் போயிறாது' என்கிறாள்.
நான் பல்செட் செய்கிறவன்.
பாறை கடைவாய்ப் பல்லைப் போலக்
குழியும் மேடுமாய் இருந்தது.
விரல் எங்கே நிற்கும், எங்கே வழுக்கும் என்று
தெரியும் என நினைத்துத்தான் வழுக்கினேன்.
இடது முழங்கை. தழும்பு இன்னும் இருக்கிறது.

உச்சிக்கு இரண்டு கம்ப உயரம் கீழே
ஒச்சப்பன் உட்கார்ந்துவிட்டான்.
மின்வாரியத்தில் பதினோரு வருடமாய்க் கம்பம் ஏறுகிறவன்.
மூச்சு வாங்கவில்லை. பயமும் இல்லை.
'கம்பத்துல ஏறி எறங்குனா
நாலு வீட்டுல ஃபேன் ஓடும்.
இதுல ஏறி என்ன ஓடப்போகுது?
போயிட்டு வாங்கடா, நான் அடுப்பப் பத்தவைக்கிறேன்.'
இந்த மலை, இந்த மலை என்று
மூன்று வருடமாய் எங்களை அரித்தவனே அவன்தான்.

மூவரும் போனோம். உச்சியில்
சர்வேக்காரர்கள் நட்ட கல்,
கல்மேல் யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு,
காற்று,
அப்புறம் சிக்னல்.
மூன்று பைகளுக்குள்ளும் போன்கள் துள்ளின.
தவணைத் தேதி. யாருக்கோ பிறந்தநாள்.
'மேல்வரிசைப் பல்லு ரெடியா சார்?'
ஜெசிந்தா தன்னுடையதை அணைத்துவிட்டாள்.
ரெங்காராம் வீட்டுக்குப் பேசினான், சௌராஷ்டிரத்தில்.
எங்களுக்குப் புரிந்தது பரோட்டா மட்டும்.

இருட்டியதும்
ஈச்சம்புதருக்கும் ஜெசிந்தாவின் கைத்தடிக்கும் நடுவே
கூடாரத்தை இழுத்துக் கட்டினோம்.
மழையில் நனைந்த எருமை படுத்திருப்பதுபோல் இருந்தது.
சால்னாப் பொட்டலம்
ரெங்காராமின் போர்வைக்குள் உடைந்திருந்தது.
'கரடிக்கு அட்ரஸ் குடுத்தாச்சு' என்றான் ஒச்சப்பன்.
பரோட்டாவைக் கட்டஞ்சாயாவில் தொட்டுத் தின்றோம்.

கிழக்கே, கீழே, விளக்குகள்.
எழுமலை, அங்கிட்டு உசிலம்பட்டி.
அதற்கும் அப்பால் வானத்தடியில்
மஞ்சளாய் ஒரு கறை. மதுரை என்றேன்.
டோல்கேட் என்றான் ரெங்காராம்.

அப்போதுதான் சேடபட்டிப் பக்கம்
ஒரு துண்டு அணைந்தது.
முன்பல் விழுந்த வாய்போல.

ஒச்சப்பன் டம்ளரைக் கீழே வைத்தான்.
உதட்டுக்குள் என்னவோ எண்ணினான்.
'பீஸ் போகல. லைன் அறுந்திருக்கு.
தரையில கெடக்கும். எவனாச்சும் மிதிச்சிருவான்.'
போனைப் பார்த்தான். ஒரு கோடுகூட இல்லை.
நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு
மேலே போனான்.

பகலில் நாங்கள் நாலு காலில் தவழ்ந்த பாறை.
வெளிச்சப் பொட்டு ஒன்று
ஓரிடத்திலும் நிற்காமல் ஏறியது.
பிறகு அவன் கத்துவது
துண்டு துண்டாய் இறங்கி வந்தது.
'...பிரேக்கரப் போடாத... மொதல்ல ஆளனுப்பு...
யோவ், நான் எங்க இருந்தா ஒனக்கென்ன?'

அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தோம்.
ரெங்காராம் கொட்டாவி விட்டான், பிறகு
விட்டதற்கு வெட்கப்பட்டான்.
பதினொன்று பத்துக்கு அது நிறைந்தது.
இவன் சொன்னதாலா,
அங்கே வேறொருவன் ஏறியதாலா, தெரியாது.
மேலே பொட்டு அசையவில்லை.

ஜெசிந்தா சாயாவைச் சூடாக்கினாள்.
ஆறியது. மறுபடி சூடாக்கினாள்.

வெகுநேரம் கழித்து வந்தான்.
டம்ளரை வாங்கி, ஊதி, ஒரு வாய் குடித்தபின் கேட்டான்:
'யாரு செருப்புடா அது?'